ஃபெபி எடுத்த பெடல்

தாஜ் முகம்மது பாயின் கடைக்கு ஜங்ஷனில் ஒரு குறுகிய மாடிப்படி ஏறித்தான் போக வேண்டும். சர்ச்சுக்குக் கீபோர்டு, பள்ளிக்கூடத்துக்கு பேண்டு செட், பஜனை கோஷ்டிக்கு ஆர்மோனியம் என்று எல்லா சாமிக்கும் பொதுவான கடை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஃபெபி முதுகில் கிட்டாரும் கையில் ஒரு துணிப்பையுமாக மூச்சு வாங்க ஏறி வந்தபோது பாய் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜும்மாவுக்குக் கடைய அடைச்சிருவேன்மா. பாக்கத அதுக்குள்ள பாத்துக்கோ," என்றார்.

"அதுக்குள்ள முடிச்சிருவேன் பாய்," என்றாள் ஃபெபி. அவளுக்கும் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் இயற்பியல் டீச்சர். பல்வலி என்று பொய் சொல்லி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் தேடி வந்தது டிலே பெடல். காலடியில் வைத்து மிதிக்கும் சின்னப் பெட்டி அது. கிட்டாரில் ஒரு சுரம் வாசித்தால் அதைப் பிடித்து வைத்திருந்து சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொல்லும். மறுபடியும் சொல்லும், மறுபடியும் சொல்லும், தேய்ந்து தேய்ந்து ஓயும். ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு மேடையை நிரப்ப நினைக்கிறவர்களுக்கு இதை விட்டால் வேறு எளிய வழி கிடையாது. ஃபெபிக்கு மேடையை நிரப்பியே தீர வேண்டும். நாளைக்கே.

விஷயம் இதுதான். 'மொட்டைப்பாறை' என்று ஒரு ராக் இசைக்குழு. அதைத் தொடங்கியவன் ஹெப்ரான், ஃபெபியின் பெரியம்மா மகன். பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். டிரம்ஸ் அடிப்பது டவுனைச் சேர்ந்த சிவசங்கரன். முன்னால் நின்று லீடு கிட்டார் வாசித்தவன் ஹெப்ரானின் சேக்காளி அப்பாத்துரை. ஃபெபி அவனுக்குப் பின்னால் நின்று, பாட்டை அடியில் தாங்குகிற ரிதம் வாசித்தாள். நாலு வருசம் வாசித்தாள். அப்பாத்துரையின் சட்டை முதுகில் எங்கெங்கே தையல் விட்டிருக்கிறது என்று கேட்டால்கூடச் சொல்வாள், அவ்வளவு நாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது எல்லாரோடும் சேர்ந்து வருத்தப்பட்டாள். உள்ளுக்குள் துள்ளினாள். லீடு அவள் கைக்கு வந்தது.

வந்தது நிலைக்கவில்லை. அப்பாத்துரையின் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட, அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். போன வாரம் பயிற்சி முடிந்ததும் ஹெப்ரான் வாயைத் திறந்தான்.

"ஏட்டி, பின்னால நின்னு ரிதம் வாசிக்கது வேற, தனியா முன்னால நிக்கது வேற. நீ லீடு எடுக்க எடமெல்லாம் பாட்டு ஓட்டையா கேக்கு. வார சனிக்கெழம சேரன்மாதேவி மேடை, அது ஒண்ணு ஒனக்கு. அங்கனயும் இப்படித்தான் கேட்டுச்சுன்னா அப்பாத்துரையக் கூப்பிட்டுருவேன். பெறகு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கப்படாது."

அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். அவள் ரிதத்தை விட்டு லீடு எடுத்த நொடியில் அடியில் தாங்க ஆளில்லாமல் பாட்டு மெலிந்துதான் போனது. "டிலே போட்டா சரியாயிரும்ணே," என்றாள். "அப்பம் அப்பாத்துரை வச்சிருக்கானே, வெள்ளிக் கலர் பெட்டி, அதையே வாங்கு. வேற எதையும் வாங்கி வச்சிக்கிட்டு நிக்காத," என்றான் ஹெப்ரான்.

பாய் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். இரண்டே இரண்டு பெடல்கள் இருந்தன. ஒன்று அந்த வெள்ளி நிறப் பெட்டி. பச்சையும் சிவப்புமாக விளக்கு மினுங்கியது. இன்னொன்று காப்பிப் பொடி நிறத்தில், மூன்று திருகோடு, அழுமூஞ்சியாக உட்கார்ந்திருந்தது.

"இது ஒரு வருசமா இங்கனதான் கெடக்கு, ஒருத்தரும் சீண்டல. வெள்ளிய வாசிச்சிப் பாரு, சொக்கிப் போயிருவ," என்றார் பாய்.

வாசித்தாள். சொக்கித்தான் போனாள். கடையில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் சுத்தமான ஒலியில் நாலு சுரம் விட்டாள். அந்த நாலும் கண்ணாடி மணி மாதிரி அப்படியே திரும்பி வந்தன. போனது எது வந்தது எது என்று பிரிக்க முடியாத துல்லியம். பாய் துடைப்பதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். "சொன்னேம்லா," என்றார். காப்பிப் பொடிப் பெட்டியை மாட்டினாள். அதில் சுரம் திரும்பும்போது முனை மழுங்கித் திரும்பியது, இரண்டாம் தடவை இன்னும் மங்கியது. ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. பாய் முகத்தைச் சுளித்தார்.

இங்கேதான் பெரும்பாலோர் பெடலைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிடுவார்கள். ஃபெபி இறங்கவில்லை. மொட்டைப்பாறை வாசிக்கும் பாட்டில் சுத்தமான ஒலி என்பது மருந்துக்குக்கூட இருக்காது. துணிப்பையிலிருந்து தன் டிஸ்டார்ஷன் பெடலை எடுத்தாள். கிட்டார் ஒலியைக் கிழித்து, பிசைந்து, தடியாக்கி அனுப்புகிற சாதனம் அது. முதலில் அதை மாட்டி, அதற்குப் பின்னால் வெள்ளிப் பெட்டியை மாட்டினாள். வரிசை மாறினால் திரும்பி வருகிற ஒலியும் சேர்ந்து கிழிபட்டுக் கூழாகிவிடும், அது அவளுக்குத் தெரியும். திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, நாளைய கடைசிப் பாட்டில் வரும் தனி வாசிப்பை வேகத்தோடு எடுத்தாள்.

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. வெள்ளிப் பெட்டியின் கதை நாலே விநாடியில் வெளியே வந்துவிட்டது. திரும்பி வந்த ஒவ்வொரு சுரமும் அவள் புதிதாக வாசிக்கிற சுரத்தின் மேல் ஏறி மிதித்தது. வகுப்பில் அவள் அடுத்த வரிக்குப் போன பிறகும் முந்தின வரியையே மொத்த வகுப்பும் கத்திக்கொண்டிருக்கும் பாருங்கள், அந்தக் கூத்துதான். சுத்த ஒலியில் அழகாக இருந்த துல்லியமே இங்கே எமனாகிவிட்டது. அப்பாத்துரை இதை வைத்து எப்படிச் சமாளித்தான் என்றால், அவன் தனி வாசிப்பில் இழுத்து இழுத்துத்தான் வாசிப்பான், அடியில் ரிதம் தாங்குவதற்கு ஃபெபி இருந்தாள். இப்போது ஃபெபிக்கு ஃபெபி கிடையாது.

காப்பிப் பொடிப் பெட்டியை மாட்டினாள். அதே வேகம், அதே கிழிசல். திரும்பி வந்த சுரங்கள் மங்கலாக இருந்ததால் முன்னால் வந்து முட்டவில்லை. பின்னால் பதுங்கி, அவள் விட்ட இடைவெளியில் மட்டும் தலையைக் காட்டி, ஒலிக்கு அடியில் ஒரு தரை போட்டுக் கொடுத்தன. அவள் நிறுத்தினாள். அவளுக்குத் தேவையான ஒலி இதுதான், சந்தேகமே இல்லை.

கீழே கண்ணாடிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக் கத்தினார். "என்ன பாய், கட்டடத்த இடிக்கேரா?" பாய் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபெபியின் போன் அடித்தது. ஹெப்ரான்தான்.

"எடுத்துட்டியா ட்டி?"

அவள் இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். வெள்ளியை எடுத்தால் நாளைக்கு எது நடந்தாலும் பழி ஹெப்ரானையும் சேரும். இதை எடுத்தால் முழுப் பழியும் அவள் தலையில்தான். ஒன்றுதான் வாங்க முடியும்.

"எடுத்துட்டேண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகுதான் காப்பிப் பொடி நிறப் பெட்டியைப் பாயின் பக்கம் தள்ளினாள். "இதைக் குடுங்க பாய்."

"நெசமாவா?" என்றார் பாய்.

மறுநாள் மத்தியானம் சேரன்மகாதேவிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி, அதன் ஆண்டு விழாவுக்கு மைதானத்தில் மேடை. மைதானத்தைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் ஆறு. மேடையில் ஒயர்களோடு மல்லாடிக்கொண்டிருந்தவர் மைக் செட்டுக்காரர் ஐயம்பெருமாள். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைவிழா, சர்ச் அசன விருந்து, கட்சிக் கூட்டம், காது குத்து எதுவானாலும் ஐயம்பெருமாள் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் நடக்காது. வாயில் வெற்றிலை, தோளில் துண்டு, இடுப்பில் டெஸ்டர்.

ஃபெபி தன் ஆம்ப்ளிஃபயரை வைத்துக் காப்பிப் பொடிப் பெட்டியைக் கீழே வைத்த மறுகணம் ஹெப்ரான் பார்த்துவிட்டான்.

"இது என்னதுட்டி?"

"பெடல்."

"வெள்ளிய எடுன்னு சொன்னேம்லா. எடுத்துட்டேன்னும் சொன்ன."

"ரெண்டையும் வாசிச்சிப் பாத்தேண்ணே. நம்ம பாட்டுக்கு அது சரிப்படாது. கேட்டுட்டுச் சொல்லு."

வாசித்துக் காட்டினாள். ஐயம்பெருமாள் ஆம்ப்ளிஃபயர் முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி, மைதானத்துக் குழாய்களில் விட்டார். ஒலி திண்ணென்று போய் வயல் பக்கம் விழுந்தது. சிவசங்கரன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ஹெப்ரானுக்கு நன்றாக இல்லை என்று சொல்ல வழியில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனமில்லை. "பாப்போம்," என்று முனகிவிட்டு மேடையை விட்டு இறங்கி, ஐயம்பெருமாளிடம் போய் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவர் மண்டையை மண்டையை ஆட்டினார். ஃபெபி அதை அத்தனை கவனிக்கவில்லை. அவள் கம்பிகளுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்து மைதானம் நிறைந்தது. மொட்டைப்பாறையின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மூன்று பாட்டு. முதல் பாட்டை அவள்தான் தொடங்க வேண்டும். பெடலை மிதித்தாள், கம்பியில் அறைந்தாள்.

நாலு அடி தாண்டவில்லை, ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது. ஒலி குழைந்தது. அவள் வாசிப்பது ஒன்று, மைதானத்தில் கேட்பது வேறொன்று. ஒவ்வொரு சுரமும் நாலைந்தாக உடைந்து ஒன்றின் மேல் ஒன்று சரிந்தது. தாளம் தப்புகிறதா, கைதான் தப்புகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிவசங்கரன் குழம்பிப்போய் இன்னும் பலமாக அடித்தான். முன்வரிசையில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான்.

நம்ம பெடல்தான், என்று நினைத்தாள். முட்டாள், முட்டாள், பாயே வேண்டாம் என்றார், ஒரு வருசமாகச் சீண்டுவார் இல்லாமல் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்தாயே. வாசித்துக்கொண்டே காலால் திருகைக் குறைக்கப் பார்த்தாள். குறைந்தபாடில்லை. ஹெப்ரான் பாடிக்கொண்டே திரும்பி, கண்ணை உருட்டி, வாயசைத்தான். "அணை. அதை அணை."

அப்போதுதான் மேடைப் படியின் பக்கம் அவள் பார்வை போனது. அப்பாத்துரை நின்றுகொண்டிருந்தான். தோளில் கிட்டார் பை.

வந்து நிற்கிறான். பையோடு வந்து நிற்கிறான். பெடலை ஓங்கி மிதித்து அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. ஒலி மட்டும் அப்படியே குழைந்துகொண்டிருந்தது. எப்படியோ பாட்டு முடிந்தது. பத்துப் பேர் கை தட்டினார்கள், அதிலும் பாதி கேலி.

ஹெப்ரான் மைக்கைப் பிடித்தான். "கிட்டார்ல சின்னக் கோளாறு. மன்னிச்சுக்கோங்க."

"மன்னிச்சுக்கோங்க... கோங்க... கோங்க... கோங்க..." என்று வயல் வரைக்கும் போய்த் திரும்பியது. மாணவர்கள் விடுவார்களா, மொத்த மைதானமும் "கோங்க கோங்க" என்று கூடவே பாடியது.

ஃபெபி திகைத்து நின்றாள். கிட்டாரில் கோளாறு என்றால் அவன் குரல் ஏன் நாலாக உடைகிறது?

நம் பக்கத்து மைக் செட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எக்கோ இல்லாத மைக்கை இங்கே யாரும் மதிப்பதில்லை. பாடுகிறவர், பிரசங்கம் செய்கிறவர், காணாமல் போன குழந்தையின் அடையாளம் சொல்கிறவர், எல்லாருக்கும் தன் குரல் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால்தான் பேசின திருப்தி. ஹெப்ரான் பன்னிரண்டு வயதிலிருந்து கன்வென்ஷன் ஜெபக்கூட்ட மேடைகளில் அந்த எக்கோவோடு பாடி வளர்ந்தவன். ஐயம்பெருமாளின் எக்கோ பெட்டி மத்தியானம் ஒரு கல்யாண வீட்டில் இருந்தது. சாயங்காலம் வந்ததும் மாட்டிவிட்டார், அதுவும் தாராளமாக.

ஃபெபி விறுவிறுவென்று போய் ஹெப்ரானின் மைக்கின் முன் நின்றாள். "அண்ணாச்சி, எக்கோவ எடுத்துருங்க."

ஐயம்பெருமாள் தன் மேசையிலிருந்தே தன் மைக்கில் பதில் சொன்னார். மைதானம் முழுக்கக் கேட்டது. "பாடுத தம்பிதாம்மா கேட்டாரு. நல்லாத் தூக்கி விடுங்கன்னு மத்தியானமே சொல்லிட்டுப் போனாரு."

சிரிப்பு அலையாக எழுந்தது. ஹெப்ரானின் காது சிவந்தது.

"பரவால்ல அண்ணாச்சி, முழுசா எடுத்துருங்க," என்றாள் ஃபெபி. சொல்லிவிட்டு ஹெப்ரானின் முகத்தைப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய்ப் பெடலை மிதித்தாள்.

இரண்டாம் பாட்டு. ஒலி மத்தியானம் போலவே திண்ணென்று விழுந்தது. மங்கிய எதிரொலி அவள் விரலுக்குக் கீழே அடங்கி ஒடுங்கி, வேண்டிய இடத்தில் மட்டும் எழுந்தது. கூட்டம் தலையை ஆட்டத் தொடங்கியது. ஹெப்ரான் பாட வாயெடுத்தான். அப்போது வேறொரு ரகசியம் வெளியே வந்தது. எக்கோவைக் கழற்றினால் ஹெப்ரானின் குரல் மிகச் சின்னக் குரல். நனைந்த கோழி மாதிரி அது மேடையில் தனியாக நின்றது. உச்சிக்கு ஏறுகிற இடத்தில் கீறிவிட்டது. பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது, ஊளையும் பறந்தது.

ஃபெபிக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க வேண்டியதில்லை, நன்றாகவே சந்தோஷப்பட்டாள். ஓட்டை யாரிடம் என்று இப்போது தெரியட்டும். ஆனால் அடுத்த சரணத்தில் அவன் ஒரு வரியையே விட்டுவிட்டு வெறுமனே நின்றபோது அந்தச் சந்தோஷம் அவளிடம் தங்கவில்லை. அவள் அந்த வரியைக் கிட்டாரிலேயே வாசித்துப் பாட்டைக் கரை சேர்த்தாள்.

பாட்டு முடிந்ததும் ஹெப்ரான் அவள் பக்கத்தில் வந்தான். மைக்கைக் கையால் மூடியிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏட்டி, எக்கோ இல்லாம என்னால முடியாது. போடச் சொல்லு."

"போட்டா என் கிட்டாரு கூழாயிரும்ணே."

"தெரியும். ஆனா முடியல ட்டி. தொண்ட அடைக்கி. ஒன்னயக் கெஞ்சுதேன்."

அவன் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. ஃபெபி மேடை ஓரத்துக்கு ஓடி, கீழே இருந்த ஐயம்பெருமாளிடம் குனிந்து கேட்டாள். "அண்ணாச்சி, பாட்டுக்கு மட்டும் எக்கோ போட்டு, கிட்டாருக்கு இல்லாம வைக்க முடியுமா?"

அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "பெட்டி ஒண்ணுதாம்மா. மைக்குல வாரது எல்லாம் அதுக்குள்ள போயித்தான் வெளிய வரும். போட்டா எல்லாத்துக்கும், எடுத்தா எல்லாத்துக்கும்."

கூட்டம் பொறுமை இழந்து தாளம் தட்டியது. படியில் அப்பாத்துரை அசையாமல் நின்றான். கடைசிப் பாட்டில்தான் அந்த நீண்ட தனி வாசிப்பு, அதற்காகத்தான் இந்தப் பெடல், அதில்தான் அவள் இடம் இருக்கப் போகிறதா போகப் போகிறதா என்பது தெரியும். எக்கோவைப் போட்டால் அவள் போனாள். போடாவிட்டால் அவன் போனான், அவனோடு பாட்டும் போனது. மைக்குல வாரது எல்லாம், என்றார் ஐயம்பெருமாள். அந்தச் சொல் அவள் காதில் நின்றது. மைக்கில் வருவது மட்டும்தானே?

"போடுங்க அண்ணாச்சி," என்று கத்திவிட்டு ஓடினாள். தன் ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்ற மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி மேடையின் மறுகோடியில், ஆற்றைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். ஆம்ப்ளிஃபயரைக் கூட்டத்துக்கு நேராகத் திருப்பினாள். இனி குழாய் உதவாது. இந்த ஒரு பெட்டிதான் மைதானத்துக் கடைசி வரிசை வரைக்கும் தன்னந்தனியாக எட்ட வேண்டும். ஒலித் திருகை முழுக்கத் திருப்பினாள்.

கிட்டார் வீறிட்டது. அவ்வளவு கூட்டி வைத்தால் கம்பியைத் தொடாமலேயே ஊளையிடத் தொடங்கிவிடும். கூட்டம் காதைப் பொத்தியது. "என்னட்டி பண்ணுத!" என்று ஹெப்ரான் அலறினான், அதுவும் நாலாக உடைந்து போய்த் திரும்பியது. ஃபெபி உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு, இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, உடம்பைத் திருப்பினாள். ஊளை அடங்கியது. அந்த இடத்தை விட்டுக் காலை எடுக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்தது. பெடலோ எட்டாத தூரத்தில் இருந்தது. அது எரிந்தபடியே இருக்கட்டும், இனி அணைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. சிவசங்கரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஹெப்ரானின் குரல் எக்கோவில் ஏறி மைதானத்தைச் சுற்றியது, அவனுக்கு உயிர் திரும்பியது. கிட்டார் அந்தக் குழப்பம் எதிலும் மாட்டாமல் தன் பெட்டியிலிருந்து நேராகப் போய் நெஞ்சில் இடித்தது. தனி வாசிப்பு வந்தது. ஃபெபி கண்ணை மூடவில்லை, மூடினால் விழுந்துவிடுவோம் என்று பயம். ஒரு சுரம் தப்பியது, அதைப் பின்னால் வந்த மங்கல் எதிரொலியே மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் இடைவெளி விட்டாள், அது நிரப்பியது. அவள் பாய்ந்தாள், அது ஒதுங்கியது. கடைசி வரிசையில் ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. இதற்காகத்தானே நாலு வருசம், என்று நினைத்தாள்.

முடிந்ததும் எழுந்த இரைச்சல் அடங்க நேரமாயிற்று. மேடையின் பின்பக்கம் இறங்கியபோது ஹெப்ரானுக்கு நடையே மாறியிருந்தது.

"பாத்தியா சிவா? எக்கோவப் போட்டதும் எப்படித் தூக்கிட்டுன்னு. நான் மொதல்லயே சொன்னேம்லா."

சிவசங்கரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்கிட்ட மனுசன் பேச முடியுமா வே," என்றான். "அவ மைக்கத் தூக்கி ஆத்தப் பாக்க வச்சிட்டால்ல வாசிச்சா. திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஹெப்ரான் அண்ணாந்து மேடையைப் பார்த்தான். மைக் ஸ்டாண்டு கோடியில் அனாதையாக வயல் பக்கம் பார்த்து நின்றது.

அப்பாத்துரை கிட்டார் பையோடு வந்தான். "ஃபெபி, அந்தக் கடைசி வாசிப்பு... எனக்கு அது வராது தாயி," என்றான். பெரிய மனசுதான் அவனுக்கு, அதை மறுக்க முடியாது.

"நீ எங்கண்ணே இங்கன?" என்று கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம். விட அவளால் முடியவில்லை.

"அவன் சும்மா பாக்க வந்தான் ட்டி," என்றான் ஹெப்ரான் அவசரமாக.

"பொய் சொல்லாதல," என்றான் அப்பாத்துரை. "கடைசிப் பாட்டுக்கு ஏறணும், கிட்டாரோட வந்துருன்னு நீதான சொன்ன. ரெண்டாவது பாட்ட இந்தப் பிள்ள அப்படி வாசிச்ச பெறகு ஏறதுக்கு எனக்கு என்ன கிறுக்கா?"

"எப்பம் சொன்னான்?" என்றாள் ஃபெபி.

அப்பாத்துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "வியாழக்கெழம," என்றான் பைய.

வியாழக்கிழமை. அவள் பாயின் படியில் மூச்சு வாங்க ஏறியது வெள்ளிக்கிழமை. வெள்ளிப் பெட்டியா மற்றதா என்று அவள் தடுமாறி நின்றபோது, பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிவிட்டு நின்றபோது, அவள் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று ஒருத்தன் முடிவு செய்து வைத்திருந்தான். அவனே போன் போட்டு, எடுத்துட்டியா என்று கேட்கவும் செய்தான். மேடையில் வராத அழுகை இப்போது முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"ட்டி, அது சும்மா ஒரு பாதுகாப்புக்கு..." என்று தொடங்கினான் ஹெப்ரான்.

"மேடைல நான் வாசிக்கத ஒரு தடவ கேட்டுப் பாத்துட்டாவது கூப்பிட்டிருக்கலாம்லாண்ணே," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "செவ்வாக்கெழம பயிற்சிக்கு வருவேன். லீடு நான்தான். அதைப் பத்தி இனிமே யாரும் மேடை போட்டுச் சோதிக்க வேண்டாம். அப்பாத்துரை அண்ணனுக்கு ஆசைன்னா வரட்டும், பின்னால நின்னு ரிதம் வாசிக்கட்டும்."

ஹெப்ரான் விழித்தான். "அப்பாத்துரையா? ரிதமா? என்னட்டி பேசுத, அவன் எப்படி ரிதம் வாசிப்பான்?"

"நான் நாலு வருசம் வாசிச்சேம்லா," என்றாள் ஃபெபி.

மேடையில் அடுத்த குழுவுக்காக ஐயம்பெருமாள் மைக்கை ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அப்பாத்துரை தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"செவ்வாக்கெழம எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டான். ஹெப்ரானிடம் கேட்கவில்லை, ஃபெபியிடம் கேட்டான்.